அரை வரிசையின் அழகு

பட்டியலை யாரும் உட்கார்ந்து ரசிப்பதில்லை. மளிகைச் சீட்டும் வாக்காளர் பட்டியலும் வேலைக்கு உதவும். வேலை முடிந்தால் மறந்துபோகும். ஆனால் செல்போனில் ஒரு நாளில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி பட்டியல்தான். வாட்ஸப்பில் ஆட்களின் பட்டியல், ஜிபேயில் வந்த பணம் போன பணத்தின் பட்டியல், கேலரியில் படங்களின் பட்டியல், யூடியூபில் வீடியோக்களின் பட்டியல். பெருவிரலால் தள்ளத் தள்ள ஓடிவரும் இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் யோசித்து அடுக்கியிருக்கிறார். வரிசையாக வைப்பதா, கட்டம் கட்டமாக வைப்பதா, ஒரு வரிசைக்கு எவ்வளவு உயரம், எழுத்து எங்கே தொடங்க வேண்டும், ஓட்டம் எப்படி நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தீர்மானித்திருக்கிறார். தீர்மானம் சரியாக அமைந்துவிட்டால் அது கண்ணில் படுவதில்லை. அதனால் அதற்குப் பாராட்டும் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டிய பாராட்டில் கொஞ்சத்தை இங்கே கொடுத்துவிடலாம்.

இதற்குச் சாமளாபுரம் நல்ல உரைகல். நொய்யல் கரையில், சோமனூருக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கும் பேரூராட்சி அது. குளமும் விசைத்தறிச் சத்தமும் ஊரின் அடையாளம். ஒரு பக்கம் போனால் காடாத் துணியின் உலகம், இன்னொரு பக்கம் போனால் பனியன் உலகம். இரண்டும் துணிதான். இரண்டு தொழிலிலும் மாதிரி அனுப்புவது, விலை கேட்பது, பாக்கி கேட்பது எல்லாம் இன்று செல்போனில்தான் நடக்கிறது. ஆனால் ஒன்றைக் காட்டும் திரை இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஏன் என்று பார்ப்பதில்தான் முதல் நயம் இருக்கிறது.

காடா என்பது வெளுக்காத, சாயம் ஏறாத துணி. பத்துத் தறிக்காரர்கள் பத்து ரகத்தைப் படம் பிடித்து அனுப்பினாலும் திரையில் தெரிவது பத்து வெளிறிய சதுரங்கள்தான். படத்தைப் பார்த்து ரகத்தைப் பிரிக்க அனுபவசாலிக்கும் முடியாது. ரகத்தைச் சொல்வது எண்கள்: பாவு நூல் எத்தனையாம் நம்பர், ஊடை நூல் எத்தனையாம் நம்பர், ரீடு எத்தனை, பிக்கு எத்தனை, அகலம் எத்தனை அங்குலம். ‘60க்கு 60, 92க்கு 88, 63 இஞ்ச்’ என்று சொன்னால் போதும், எதிர்முனையில் இருப்பவருக்குத் துணி கண்முன் வந்துவிடும். இப்படிப்பட்ட சரக்குக்கு ஒற்றை வரிசைப் பட்டியல்தான் பொருந்தும். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்கும். கண் இடம் வலம் அலையாமல் நெட்டுக்கு இறங்கும். 92க்கு 88 எங்கே 92க்கு 80 ஆகிறது என்று இறங்குகிற வேகத்திலேயே பிடித்துவிடும்.

பனியன் பக்கம் வாருங்கள். குழந்தைகளின் டி-ஷர்ட்டுக்கு ஒரு தொகுப்பு தயாராகிறது. துணி எல்லாவற்றுக்கும் ஒன்றே: 30ஆம் நம்பர் நூல், 180 ஜி.எஸ்.எம். வரிசையாக எழுதினால் ஒவ்வொரு வரியிலும் அதே விவரம் திரும்பத் திரும்ப வரும். வேறுபாடெல்லாம் மார்பில் அச்சாகியிருப்பது யானைக்குட்டியா ராக்கெட்டா, அடித்தளம் கடுகு மஞ்சளா கடல் நீலமா என்பதில் இருக்கிறது. இங்கே எழுத்து வேண்டாம்; கட்டம் கட்டமாகப் படம் வேண்டும். வாங்க வருகிறவர் நிறத்தைப் பார்த்து விரலை நிறுத்துவார்.

வாசித்துத் தெரிவது வரிசைக்கு, பார்த்துத் தெரிவது கட்டத்துக்கு. பட்டியல் அடுக்கும் கலையின் மூலச் சூத்திரம் இதுதான். கண் எதைத் தேடி வருகிறதோ அதற்கு வழிவிடுவதே அமைப்பு. ஜிபேயில் இதை ஒரே செயலிக்குள் காணலாம். அடிக்கடி பணம் அனுப்பும் ஆட்கள் வட்ட முகங்களாகக் கட்டத்தில் இருப்பார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும். கொடுத்த வாங்கிய கணக்கு மட்டும் வரிசையாக இருக்கும். அதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கட்டத்துக்குள்ளும் நுணுக்கம் உண்டு. இரண்டு பத்தியா மூன்று பத்தியா என்பது பார்வைக்குச் சின்ன வேறுபாடு. ஆனால் இரண்டு பத்தி என்றால் படத்துக்குக் கீழே பெயரும் விலையும் எழுத இடமிருக்கும். மூன்று பத்தி என்றால் படம் மட்டும்தான் பேச வேண்டும். விற்பனைச் செயலிகள் பெரும்பாலும் இரண்டில் நிற்பதும் படக் கேலரிகள் மூன்று நான்கு என்று போவதும் இதனால்தான். 2010இல் வந்த இன்ஸ்டாகிராம் மூன்று பத்திச் சதுரக் கட்டத்தைத் தன் முகமாகவே ஆக்கிக்கொண்டது. 2025 தொடக்கத்தில் அந்தச் சதுரத்தை நெட்டுச் செவ்வகமாக மாற்றியபோது, கட்டங்களைச் சேர்த்து ஒரே சித்திரமாக அடுக்கி வைத்திருந்தவர்கள் மனம் நொந்தார்கள். ஒரு கட்டத்தின் உயரம் மாறியதற்கு உலகம் முழுக்க வருத்தம் என்றால், அந்தக் கட்டம் எவ்வளவு ஆழமாகப் பழகியிருந்தது பாருங்கள்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு: பின்ட்ரஸ்ட் பிரபலமாக்கிய மேடுபள்ளக் கட்டம். பத்தியின் அகலம் ஒன்றே. உயரம் மட்டும் படத்துக்குப் படம் மாறும். நெட்டுப் படம் நெட்டாகவே நிற்கும், குட்டைப் படத்தின் கீழே அடுத்தது ஏறி உட்காரும். குறுக்குக் கோடு எங்கும் நேராக ஓடாததால் கண்ணுக்கு நிற்கும் இடமே கிடைக்காது. இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று வழுக்கிக்கொண்டே போகும். வேடிக்கை பார்க்க இதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட மோசமான அமைப்பும் இல்லை. புடவை பார்க்கிறவருக்கு இது இன்பம். பில் பார்க்கிறவருக்குத் தலைவலி.

இந்த மூன்றையும் நிரலுக்குள் ஆண்ட்ராய்டு கையாளும் விதமும் பாராட்டத் தக்கது. 2014இல் கூகுள் கொண்டுவந்த ரீசைக்ளர்வியூ என்ற கருவி, என்ன காட்டுவது என்ற பொறுப்பையும் எப்படி அடுக்குவது என்ற பொறுப்பையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. அடுக்குகிறவருக்கு லேஅவுட் மேனேஜர் என்று பெயர். வரிசைக்கு ஒருவர், சமக் கட்டத்துக்கு ஒருவர், மேடுபள்ளக் கட்டத்துக்கு ஒருவர். சரக்கைத் தொடாமல் ஆளை மட்டும் மாற்றினால் அதே பட்டியல் வேறு உருவம் எடுக்கும். கோப்புகளைக் காட்டும் செயலிகளின் மேல் மூலையில் வரிசைக்கும் கட்டத்துக்கும் மாறுவதற்கு ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். காடா, பனியன் இரண்டையும் விற்கிறவருக்கு அந்தப் பொத்தான் பெரிய வரம்.

இனி ஒரு வரிசையை மட்டும் எடுத்துக் கிட்டத்தில் பார்க்கலாம். கூகுளின் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டி 2014இல் வந்தபோது, முகப்படமும் இரண்டு வரி எழுத்தும் கொண்ட வரிசைக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. வரிசையின் உயரம் 72 அலகு. முகப்படத்தின் விட்டம் 40. இடது ஓரத்திலிருந்து 16 விட்டுப் படம் தொடங்கும். படம் முடிந்து இன்னொரு 16 விட்டு, சரியாக 72ஆம் அலகில் எழுத்து தொடங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 72இல் 40 போனால் 32, அதில் பாதி 16. ஆக, படத்துக்கு மேலேயும் 16, கீழேயும் 16, இடப்புறமும் 16, வலப்புறமும் 16. கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரத்தின் நட்டநடுவில் அந்த வட்டம் உட்கார்ந்திருக்கிறது. கோடு எதுவும் போடவில்லை. ஆனாலும் ஒழுங்கு தெரிகிறது. வரிசைகளுக்கு நடுவே வரும் மெல்லிய கோட்டையும் படத்தின் அடியிலிருந்து இழுக்காமல் 72இலிருந்தே தொடங்கும் பழக்கம் அப்போது வந்தது. முகங்கள் தடையின்றி ஒரு தூணாகக் கீழே இறங்கும். பெயர்கள் மட்டும் கோட்டால் பிரிக்கப்படும். ஆளைத் தேடுகிறவர் தூணைப் பார்க்கலாம், பெயரைத் தேடுகிறவர் கோட்டைப் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் அரை வரிசை. திரையின் அடியில் கடைசி வரிசை முழுதாகத் தெரியாமல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். அவசரத்தில் பார்த்தால் குறை என்று தோன்றும். ஆனால் அதுதான் ‘கீழே இன்னும் இருக்கிறது, தள்ளிப் பார்’ என்று சொல்கிறது. அம்புக்குறி வேண்டாம், அறிவிப்பு வேண்டாம். முதல் ஐபோனின் திரை உயரம் 480 புள்ளி. மேலே மணியும் சிக்னலும் காட்டும் பட்டைக்கு 20, தலைப்புப் பட்டைக்கு 44 போக மீதி 416. ஒரு வரிசையின் இயல்பான உயரம் 44. ஒன்பது வரிசைக்கு 396 போனால் 20 புள்ளி மிஞ்சும். பத்தாம் வரிசையின் ஏறக்குறைய பாதி அதில் எட்டிப் பார்க்கும். எண் சரியாக வகுபட்டு, வரிசைகள் திரையின் விளிம்போடு கச்சிதமாக முடிந்திருந்தால், பட்டியல் அத்தோடு தீர்ந்தது என்று பலர் போனை மூடியிருப்பார்கள். பக்கவாட்டில் தள்ளும் படங்களிலும் கடைசிப் படத்தின் ஓரம் கொஞ்சம் தெரியும்படி வைப்பது இதே உத்திதான். கச்சிதத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுப்பதும் கைத்திறன்தான்.

தமிழுக்கு வந்தால் வரிசைக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வரிசையில் நம் எழுத்து மூச்சுத் திணறும். ‘கீ’யின் சுழி மேலே போகும், ‘மூ’வின் கால் கீழே இறங்கும், ‘ஸ்ரீ’ இரண்டு பக்கமும் இடம் கேட்கும். மேல்வரியின் காலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொண்டால் படிக்கிறவர் கண் களைத்துவிடும். மெட்டீரியல் டிசைன் வழிகாட்டி தென்னாசிய எழுத்துகளை உயரமான எழுத்துகள் என்று தனியாகப் பிரித்து, வரி உயரத்தைக் கூட்டச் சொன்னது இதனால்தான். மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றவர்கள் ஆப்பிள் கருவிகளுக்காகத் தமிழ் எழுத்துருக்களை வரைந்தபோது கவனித்ததும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். எழுத்துருவை வரைந்தவர் செய்த வேலையைப் பட்டியலில் வரிசை உயரம் கெடுத்துவிடக் கூடாது.

பெயரின் நீளம் இன்னொரு சிக்கல். ‘ஸ்ரீ முருகன் டெக்ஸ்’, ‘ஸ்ரீ முருகன் சைசிங்’, ‘ஸ்ரீ முருகன் டிரான்ஸ்போர்ட்’ என்று மூன்று பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் இப்படித்தான் இருக்கும். சாமி பெயர் முன்னால், தொழில் பின்னால். இடம் போதாமல் வாலை வெட்டி மூன்று புள்ளி வைத்தால், மூன்றும் ‘ஸ்ரீ முருகன்...’ ஆகிவிடும். பணம் யாருக்குப் போகிறது என்று அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலுமே நடுவில் வெட்டிக் கடைசிப் பகுதியைக் காட்டும் வசதி இருக்கிறது. இரண்டு வரியாக மடங்கவிடும் வசதியும் இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களுக்கு அதுதான் மரியாதை. சில தறிக்காரர்கள் இந்தச் சிக்கலைத் தாங்களே தீர்த்துக்கொள்வதும் உண்டு. ‘சைசிங் அண்ணா’, ‘சைசிங் ஆபீஸ்’, ‘டெம்போ மணியண்ணன்’, ‘டெம்போ புதுசு’ என்று தொழிலை முன்னால் வைத்துப் பெயரைச் சேமிப்பார்கள். அகரவரிசை தானாகவே தொழில்வாரி வரிசை ஆகிவிடும். வடிவமைப்பாளர் தராத தலைப்புகளைப் பயன்படுத்துகிறவரே பெயருக்குள் ஒளித்து வைத்துவிடும் சாமர்த்தியம் இது.

தொகைகள் வலது ஓரத்தில் ஒட்டி நிற்பதும் தற்செயல் அல்ல. ஒன்றின்கீழ் ஒன்று, பத்தின்கீழ் பத்து நின்றால்தான் 12,500க்கும் 1,25,000க்கும் உள்ள வேறுபாடு படிக்காமலே நீளத்தில் தெரியும். அதற்கு எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். நல்ல எழுத்துருக்களில் அதற்கென்று தனி இலக்கங்கள் உண்டு. வரவைப் பச்சையில் காட்டுவதோடு முன்னால் ஒரு கூட்டல் குறியும் போடுகிறார்களே, அது இன்னும் நல்லது. உச்சி வெயிலில், மங்கிய திரையில், பச்சை கறுப்பாகிவிடும். கூட்டல் குறி கூட்டல் குறியாகவே இருக்கும்.

கணக்குப் பட்டியலை மாதவாரியாகப் பிரித்திருந்தால் தலைப்பைக் கவனியுங்கள். தள்ளும்போது ‘மார்ச்’ என்ற தலைப்பு மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். மார்ச் மாத வரிசைகள் அதன் அடியில் நுழைந்து மறையும். ‘பிப்ரவரி’ மேலே வந்ததும் ‘மார்ச்’ சட்டென்று மறைந்துவிடாது. பிப்ரவரி அதை முதுகில் கைவைத்துத் தள்ளுவதாகத் தோன்றும்படி மெல்ல வெளியே அனுப்பும். எந்த மாதத்தில் இருக்கிறோம் என்ற கேள்வியே எழாமல் பதில் கிடைத்துவிடுகிறது.

இனி ஓட்டம். 2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனைக் காட்டியபோது, பாட்டுப் பட்டியலை விரலால் ஒரு தள்ளு தள்ளினார். பட்டியல் ஓடி, தளர்ந்து, நின்றது, அரங்கம் வியந்தது. அந்த ஓட்டத்தின் முன்மாதிரியைப் பார்த்த பிறகுதான் இதை வைத்துப் போனே செய்யலாம் என்று தோன்றியதாக 2010இல் அவரே சொன்னார். விரலை எடுத்த பிறகும் ஓடும் அந்த வேகம் ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் 0.998 மடங்காகக் குறைவதுதான் ஐபோனில் இயல்பான அளவு. ஒரு விநாடி கழித்துப் பழைய வேகத்தில் ஏழில் ஒரு பங்குகூட இருக்காது. 0.998 என்பதை 0.99 ஆக்கினால் பட்டியல் பிரேக் போட்டு நிற்கும். அந்த வேறுபாட்டை விரல் உடனே கண்டுபிடித்துவிடும்.

பட்டியல் முடிந்த பிறகும் தள்ளினால் என்ன ஆக வேண்டும்? அசையாமல் நின்றால் போன் தொங்கிவிட்டது என்று நினைப்போம். ஆப்பிளில் பாஸ் ஆர்டிங் கண்டுபிடித்த வழியில், பட்டியல் எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் இழுபட்டுத் திரும்பி வரும். இழுக்க இழுக்கக் குறைவாகவே இடம் கொடுக்கும். ‘முடிந்தது, ஆனால் நீ தொட்டது எனக்குத் தெரிகிறது’ என்று இரண்டு செய்தியை ஒரே அசைவில் சொல்லிவிடுகிறது. இதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. 2012இல் ஆப்பிளும் சாம்சங்கும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்ட பெரிய வழக்கில் இந்தச் சின்னத் துள்ளலும் ஒரு பொருளாக இருந்தது.

ஓட்டம் வழுவழுப்பாக இருப்பதற்குள் இருக்கும் சூட்சுமம் தனி அழகு. விநாடிக்கு 60 முறை படம் மாறும் திரையில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16 மில்லி விநாடி சொச்சம். அதற்குள் புது வரிசை தயாராகாவிட்டால் பட்டியல் விக்கும். ஆயிரம் பெயர் இருக்கிறது என்பதற்காகப் போன் ஆயிரம் வரிசைகளைச் செய்து வைப்பதில்லை. திரையை நிரப்பவும் மேலும் கீழும் ஒன்றிரண்டு கைவசம் இருக்கவும் வேண்டிய அளவுக்கே செய்கிறது. மேலே மறையும் வரிசையை எடுத்து, பழைய பெயரைத் துடைத்து, புதுப் பெயரை எழுதி, கீழே கொண்டுவந்து சேர்க்கிறது. சாமளாபுரத்துக்காரருக்கு இதைத் தறியைக் காட்டியே விளக்கிவிடலாம்: பின்னால் பீமில் நூற்றுக்கணக்கான மீட்டர் பாவு சுருண்டிருக்கும், முன்னால் நெய்த துணி சுருண்டுகொண்டே போகும், நடுவில் கண்ணுக்குத் தெரிவது ஓரிரு முழம்; ரீடும் விழுதும் இருந்த இடத்திலேயே இருக்க, நூல்தான் வந்து போகிறது.

பட்டியலுக்கு முடிவு வேண்டுமா என்பதும் அமைப்பின் கேள்விதான். அடிக்கு வந்ததும் அடுத்த பகுதி தானாகவே வந்து சேரும் முடிவில்லா ஓட்டத்தை 2006இல் உருவாக்கியவர் ஏஸா ராஸ்கின். மக்களின் நேரத்தை அது விழுங்குவதைப் பார்த்துப் பின்னாளில் வருந்தியவரும் அவரே. மாறாக, 2009இல் லோரன் பிரிக்டர் தன் ட்வீட்டி செயலியில் வைத்த ‘இழுத்துவிட்டால் புதுப்பிக்கும்’ வழி, கேட்டால் மட்டும் புதியதைத் தருகிறது. கூலிக் கணக்குக்கு முடிவு இருக்க வேண்டும். கடைசி வரிசைக்குக் கீழே மொத்தத் தொகை இருக்க வேண்டும். முடிவில்லாத பட்டியலில் கூட்டுத்தொகை போட முடியாது.

கடைசியாக, கை. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் ஹூபர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தெருவிலும் பேருந்திலும் 1,333 பேர் போன் பிடிக்கும் விதத்தைக் கவனித்ததில், திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையில் பிடித்திருந்தார்கள். தறி ஓடும்போது ஒரு கை அறுந்த இழையில் இருக்கும். போனுக்கு மிஞ்சுவது மற்றொரு கையின் பெருவிரல்தான். நெட்டுக்கு ஓடும் பட்டியல் அந்த ஒற்றை விரலுக்கு இசைந்தது. தொட வேண்டிய இடம் 48 அலகுக்குக் குறையக் கூடாது என்று ஆண்ட்ராய்டும், 44 புள்ளிக்குக் குறையக் கூடாது என்று ஆப்பிளும் சொல்வது, பஞ்சுத் தூசி ஒட்டிய அந்த விரலுக்கும் சேர்த்துத்தான்.

கோவை, திருப்பூர்க் கல்லூரிகளில் படித்துவிட்டுத் தறிக்கும் பனியனுக்கும் செயலி எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பட்டியலை ஏசி அறையில் புது போனில் மட்டும் பார்க்காதீர்கள். விலை குறைந்த போனில், வெயிலில், ஒரு கையால், ஊர்க்காரர்களின் உண்மையான நீளப் பெயர்களைப் போட்டுத் தள்ளிப் பாருங்கள். படிக்க வந்தவருக்கு வரிசை கொடுங்கள், பார்க்க வந்தவருக்குக் கட்டம் கொடுங்கள், வேடிக்கைக்கு வந்தவருக்கு மேடுபள்ளம் கொடுங்கள். காடாவைக் கட்டத்தில் அடுக்கிய செயலி எவ்வளவு மினுக்கினாலும் வேலைக்கு ஆகாது.